வீரையனுக்குக் காது கேட்காது

அத்தியாயம் பதினேழு

ஆனந்தவல்லி விடியலில் எழுந்து வாசல் தெளிக்க வந்தபோது மாமனார் வீரையனின் கயிற்றுக் கட்டில் காலியாகக் கிடந்தது. சுவர் ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையையும் காணோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வருகிற சட்டை அது.

"மாமா எங்க அத்தை?"

மாமியார் காத்தாயி சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள். "ஏஜெண்டு சாமி வண்டி அனுப்பியிருந்தாரு, தாலுக்கா ஆபீசுக்குப் போக. மாமாவ உள்ள ஏறி உக்காரச் சொன்னாராம். முப்பத்தோரு வருசத்துல இன்னிக்குத்தான்." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு மினுக்கு. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கமும் கூடவே இருந்தது.

பொன்னுத்தாய் பார்த்துவிட்டாள் என்பது வேறு விஷயம். அந்தத் தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்பினால் அதில் எத்தனை ஆணி என்று சொல்லக்கூடியவள் அவள்.

ஏஜெண்ட் பஞ்சநதம் தன் வில்வண்டியில் வீரையனுக்கு இடம் கொடுக்கிறார் என்றால், ஆட்டுக்கு மாலை விழுந்துவிட்டது என்று அர்த்தம். எந்த நாளில் மாலை போடுவார்கள் என்பது ஆட்டைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும்.

போன வாரம் பாதியில் விட்டதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நல்லமங்கலத்தில் ஒரு பழக்கம். சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் குடியானத் தெருவில் எவர் பெயருக்கு வந்தாலும், வந்த மடிப்புக் கலையாமல் பஞ்சநதத்தின் கொல்லைப்புறத்துக்குப் போய்ச் சேரும். எல்லாம் இங்கிலீஷாக இருந்த காலத்தில் ஆரம்பித்தது. ஆட்சி மாறி, நாலு வருஷமாகக் காகிதமெல்லாம் தமிழில் வர ஆரம்பித்த பிறகும் கால்கள் அந்தப் பக்கமே போயின. பதினைந்து நாளைக்கு முன்னால் வந்த நோட்டீசையும் வீரையன் அப்படித்தான் கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். பத்தடி தள்ளி நின்று, "என்னன்னு பாருங்க சாமி" என்றார்.

வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மருமகள் இருக்கிறாள். பிரித்து அவள் கையில் கொடுக்க அவருக்குத் தோன்றவேயில்லை.

பஞ்சநதம் பார்த்தார். "இது ஒண்ணுமில்லேடா. பதினெட்டாந்தேதி நானே அழைச்சுண்டு போறேன்" என்றார். காகிதம் அவர் பெட்டிக்குள் போயிற்று. வீரையனின் மற்றக் காகிதங்களும் முப்பத்தோரு வருஷமாக அதே பெட்டியில்தான். வீட்டில் வைத்தால் கரையான் அரித்துவிடுமாம்.

அதே மாதிரி நோட்டீஸ் பொன்னுத்தாய் வீட்டுக்கும் வந்திருந்ததும், அவள் வீட்டுக்காரர் மட்டும் பஞ்சநதத்தோடு மனஸ்தாபம் காரணமாக அதை ஆனந்தவல்லியிடம் படிக்கக் கொடுத்ததும், நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக் கதை. படித்தபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. எந்த நிலத்தை யார் பயிரிடுகிறார் என்று சர்க்கார் ஒரு பதிவேடு எழுதுகிறது. அதில் குத்தகைதாரர் என்று பெயர் ஏறினால் எவரும் அசைக்க முடியாது. கூலி ஆள் என்று ஏறினால், நாளைக்கே மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போகச் சொல்லலாம்.

மாமனார் களத்திலிருந்து திரும்பி வர நேரமாகிவிட்டது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அவள் படுத்துவிட்டாள். அந்தக் காலைதான் வில்வண்டியில் ஏறிப் போய்விட்டது.

வீரையன் பயிரிடுவது ஏழு மா, இரண்டேகால் ஏக்கர் சொச்சம். குடமுருட்டி ஆற்றங்கரையில், ஒரு சம்ஸ்கிருத பாடசாலைக்கு என்றோ எழுதிவைத்த நிலம்; அதைப் பார்த்துக்கொள்கிற ஏஜெண்டுதான் பஞ்சநதம். பன்னிரண்டு பிள்ளைகள் வேதம் படிக்க ஏற்பாடு. இப்போது மூன்று பேர் படிக்கிறார்கள். நிலம் மட்டும் குறையவில்லை.

ஆனந்தவல்லி முகத்தைக் கழுவிக்கொண்டு புடவையை மாற்றினாள்.

"எங்க புள்ள கிளம்பிட்ட? துரைராசு லெட்டரு வந்து நாலு நாளாவுது. பதில் எழுதிப் போடுன்னா..."

"வந்து எழுதறேன் அத்தை."

துரைராசு அவள் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் படிக்கும்போது, ரயிலடியில் இந்திப் பலகை ஒன்று விடாமல் தார் பூசிவிட்டுத் திருச்சி ஜெயிலில் இரண்டு மாதம் இருந்தவன். சர்க்கார் காகிதம் தமிழில் வரவேண்டும் என்று கோஷம் போட்டு அடி வாங்கிய முதுகு அவனுடையது. இப்போது நாக்பூரில் ரயில்வே வேலை. சம்பள உயர்வுக்கு இந்திப் பரீட்சை எழுதுகிறானாம். முதல் தடவை தேறவில்லை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வீரையன். இன்னொருத்தி ஆனந்தவல்லி.

வலங்கைமான் பஸ் அன்றைக்குப் பார்த்து அரைமணி தாமதம்.

தாலுக்கா ஆபீஸ் வாசலில் அவள் இறங்கி ஓடியபோது வீரையன் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார். கையில் கண்ணாடி டம்ளர். கட்டைவிரலில் மை.

"நீ எதுக்கு தாயி இந்த வெயில்ல? எல்லாம் ஆயிட்டுது. சாமி டீ வாங்கிக் குடுத்தாரு."

"என்ன ஆயிட்டுது மாமா? எதுல கை வச்சீங்க?"

"தாசில்தார் ஐயா காகிதத்த எடுத்து அவரே படிச்சாரு. என்னா கொரலுங்கற. பாடசாலைப் புள்ளைவ ஓதுற மாரி கணீர்னு. புரியணும்னு இல்ல, கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"அப்புறம்?"

"சரியான்னு கேட்டாரு. சரிங்கன்னேன்."

வேறென்ன சொல்வார். நாற்காலியில் இருப்பவர் எதைப் படித்தாலும் படித்து முடித்ததும் "சரிங்க" என்பதுதான் வீரையனுக்குத் தெரிந்த மரியாதை. வேதத்துக்கும் அதுதான், வெள்ளைக்காரன் காலத்து டவாலிச் சேவகன் படித்த இங்கிலீஷுக்கும் அதுதான். மூன்று பாஷையை ஒரே காதால் கேட்டு, மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாழ்ந்துவிட்ட மனுஷர்.

பஞ்சநதம் படியிறங்கி வந்தார். பட்டைக்கரை வேட்டி, கக்கத்தில் குடை.

"ஏம்மா, வண்டியிலேயே வந்திருக்கலாமே. இடம் இருந்தது."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"போய்ப் படிச்சுப் பாரேன். நான்தான் எழுதிக் குடுத்தேன். ஒரு கிரந்த எழுத்து கிடையாது, சுத்தமான தமிழ். உங்காத்துக்காரன் ஜெயிலுக்குப் போய்க் கேட்ட தமிழ்தானே?"

இங்கிலீஷ் செல்லுபடியான வரைக்கும் இங்கிலீஷில் எழுதியவர். நாற்காலி எந்தப் பாஷைக்கு மாறினாலும் மறுநாளே அவருக்கு அது வந்துவிடும். சிலருக்கு அப்படி ஒரு வரம்.

தனித் தாசில்தார் இளவயதுக்காரர். மேஜைமேல் பெயர்ப்பலகை தமிழில், பின்னால் சுவரில் குறள். ஆனந்தவல்லி கேட்டதும் மறுக்காமல் காகிதத்தை நீட்டினார்.

'...மேற்படி நிலங்களில் அறக்கட்டளையின் நேரடிப் பயிர்த்தொழிலில் அன்றாடக் கூலி பெற்றுப் பணிபுரிந்து வருகிறேனேயன்றி, எனக்குக் குத்தகை உரிமையோ பிற எவ்வகை உரிமையோ இல்லையென்று முழு உணர்வுடனும் மனநிறைவுடனும் உறுதி கூறுகிறேன். இது எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்பினேன்.'

கீழே வீரையனின் ரேகை. பளிச்சென்று விழுந்திருந்தது. உழைத்த விரல் ஆனாலும் மை நன்றாகப் பிடித்திருந்தது.

"இது பொய்ங்க. முப்பத்தோரு வருசமா அவர்தான் குத்தகை."

தாசில்தார் முகம் வாடியது. "அம்மா, ஆங்கிலத்தில் எழுதி ஏழைகளை ஏமாற்றிய காலம் போய்விட்டது. நானே எழுந்து நின்று படித்தேன். ஒவ்வொரு சொல்லும் தமிழ். பெரியவர் கேட்டு, தலையசைத்து, சரி என்றார். இதைவிட நான் என்ன செய்ய முடியும்?"

அவர் கெட்டவரில்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

"மாலை ஐந்து மணிக்குள் மறுப்பு மனு கொடுத்தால் இன்றே சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் வேண்டும்."

காரணம் எழுதிக் கொடுப்பவர் வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்தார். மனு எழுதும் லியாகத் அலி பாய். இங்கிலீஷ் டைப் மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, மூன்று வருஷமாகப் பேனாவில் எழுதுகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"தங்கச்சி, முன்னெல்லாம் என்கிட்ட ஒரு வரி இருந்துச்சு. 'மனுதாரருக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ட விஷயம் அவருக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை.' அந்த ஒரு வரிய வச்சு நாப்பது குடும்பத்துக்கு நெலத்தக் காப்பாத்தியிருக்கேன். மேல்கோர்ட்டுல எந்தத் துரையும் அதத் தட்டினதில்ல. இப்ப என்னத்த எழுதுறது? மனுதாரருக்குத் தமிழ் தெரியாதுன்னா?"

அந்தக் கோஷத்துக்குத் துரைராசுவின் முதுகில் விழுந்த தடிப்பு ஆனந்தவல்லியின் கைக்குத் தெரியும். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்தும் அது மறையவில்லை.

"மிரட்டிக் கைநாட்டு வாங்குனாங்கன்னு எழுதலாமா?"

"எழுதலாம். சாமி மிரட்டினாருன்னு பெரியவர் சொல்லணும். சொல்வாரா?"

வீரையன் தலையை ஆட்டினார். "மெரட்டலையே. டீ வாங்கிக் குடுத்தாரு."

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாடு பிடிக்கப் போனவர் பல்லைப் பார்ப்பது போல. "கண்ணு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"புத்தி சுவாதீனம்தான். காது?"

வீரையனுக்கு முகம் மலர்ந்தது. நல்லமங்கலத்தில் அவர் காதுக்கு ஒரு கீர்த்தி உண்டு. "மூணாவது மடையில நண்டு வளை தோண்டி ஓட்டை விழுந்தா, நடவு வயல்ல நின்னபடியே எனக்குக் கேக்கும் பாய். பாடசாலையில எந்தப் பையன் எந்த எடத்துல தடுமாறுறான்னு கரையில இருந்தே சொல்லுவேன். வாத்தியாரு சாமியே கேட்டு அசந்து போவாரு."

"இத இனிமே ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார் லியாகத் அலி.

பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது. 'மனுதாரருக்குச் சில ஆண்டுகளாக இரு செவிகளும் கேட்பதில்லை. தம்மிடம் யாது கூறப்பட்டாலும் சரி என்று சொல்லிவிடும் வழக்கமுடையவர்...'

வீரையனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மருமகளைப் பார்த்தார். "செவிடன்னா எழுதுறாரு?"

"ஆமா மாமா."

"நானா?"

"நெலம் வேணுமா, காது வேணுமா பெரியவரே? ஒண்ணச் சொல்லுங்க, மசி காயறதுக்குள்ள" என்றார் பாய்.

வீரையன் கட்டைவிரலை நீட்டினார். ஒரே நாளில் இரண்டாவது தடவை.

தாசில்தார் மனுவைப் படித்தார். மனுவுக்கு மேல் நிமிர்ந்து, அதே கணீர்க் குரலில் கேட்டார். "பெரியவரே, உமக்குக் காது கேட்காதா?"

வீரையனின் உதடு 'சரிங்க'வுக்குப் பிரிந்ததை ஆனந்தவல்லி பார்த்தாள். முதுகுப் பக்கம் தொங்கிய துண்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். மாமனார் துண்டை மருமகள் இழுப்பதெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது. உதடு அப்படியே நின்றது. சத்தம் வரவில்லை.

தாசில்தார் மனுவைக் கோப்பில் செருகினார்.

"திங்கட்கிழமை அரசு மருத்துவரின் சான்றிதழோடு வாருங்கள்" என்றார் தாசில்தார். "அதுவரை பதிவேட்டில் எழுதமாட்டேன். ஒன்று சொல்கிறேன் அம்மா. அவருக்குக் காது கேட்கிறது என்று அதற்குள் எவராவது சாட்சியோடு வந்தால், வாக்குமூலம் அப்படியே நிற்கும்."

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் "பெரியவரே, எங்க எறங்கணும்?" என்று கேட்டார். வீரையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனந்தவல்லிதான் சொன்னாள். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

சேதி பஸ்ஸுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்கக்கூடாது. நல்லமங்கலத்தில் தபால்தான் தாமதமாகும். பொன்னுத்தாய் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏன் காத்தாயி, அண்ணனுக்குக் காது மந்தமாமே? எத்தன நாளா?" என்றாள். குரலில் கரிசனம் வழிந்தது.

காத்தாயி மருமகளை உள்ளே இழுத்துப் போனாள். "எம் புருசன் செவிடா? யாருடி சொன்னது?"

ஆனந்தவல்லி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். காத்தாயி பானையை இறக்கி வைத்தாள்.

"அப்ப நான் கூப்புட்டாலும் திரும்பமாட்டாரா?"

"வாசல்ல கூப்புட்டா திரும்பக்கூடாது அத்தை."

"காகிதம் தமிழ்ல வந்தா நமக்கு நல்லதும்பான் துரைராசு" என்றாள் காத்தாயி.

வீரையன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வயலுக்குப் போயிருந்தார். குறுவை நடவுக்கு வரப்பு அணைக்கிற வேலை. அங்கே பேச ஆளில்லை என்பதால் போயிருப்பார். வெயில் தாழ்கிற வேளையில் ஆனந்தவல்லி கஞ்சித் தூக்கோடு போனாள்.

தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். வாய்க்கால் மேட்டில் பஞ்சநதம் நின்றிருந்தார். பக்கத்தில் ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் இராஜாங்கம், சாட்சிக்கு, கையில் நோட்டோடு. வீரையன் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி சேற்றை வெட்டி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வீரையா" என்றார் பஞ்சநதம்.

அந்தக் குரலுக்கு முப்பத்தோரு வருஷமாக "சாமி" என்று துண்டை இடுப்பில் கட்டியவர். மண்வெட்டி நிற்கவில்லை.

"வீரையா, மடை ஒடைஞ்சுண்டிருக்குடா."

மண்வெட்டி நிற்கவில்லை. பொய் என்று அவர் காது சொல்லியிருக்கும்.

பஞ்சநதம் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். தபால்காரர் கொடுக்கிற மங்கிய நிறத் தாள்.

"நாக்பூர்லேர்ந்து தந்தி. உன் பேருக்குத்தான். இங்கிலீஷ்ல இருக்கோன்னோ, தபால்காரன் வழக்கம்போல எங்காத்துல குடுத்துட்டுப் போயிட்டான்."

"என்கிட்டக் குடுங்க" என்று ஆனந்தவல்லி வாய்க்காலுக்கு இந்தக் கரையிலிருந்து கத்தினாள். "நான் படிச்சுக்கறேன்."

"பேர் வீரையன்னு இருக்கேம்மா. அவன் திரும்பிக் கையை நீட்டட்டும், குடுத்துடறேன்."

அவள் தூக்கைக் கரையில் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். மாமனாரைத் தொட்டுத் திருப்பிவிட்டால் போதும். செவிடனும் தொட்டால் திரும்பலாம், அதில் குற்றமில்லை. இடுப்பளவு தண்ணீர். சேறு காலைப் பிடித்து இழுத்தது. புடவை கனத்தது.

தந்தி நிஜமோ, பழைய காகிதமோ. நாலு நாளைக்கு முன் வந்த கடிதத்தில் அவன் நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

பஞ்சநதம் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, மெல்ல, வீரையனின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்.

"துரைராசுக்கு நேத்து காலம்பற..."

அத்தோடு நிறுத்தினார்.

வீரையனின் மண்வெட்டி தலைக்கு மேலே போயிருந்தது. இறங்கவில்லை.

கர்ணம் நோட்டைப் பிரித்தார்.